நேட் டைப் மூணும் நெல்லைத் தம்பியும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். சனி, ஞாயிறுல எழுதலாம்னா ஞாயித்துக்கிழமை ராத்திரிக்கு வேற ஒரு வேலை வந்துடுச்சு. அந்த வேலையைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

டிஸ்கி: இது பாதி டெக்னிகல், பாதி சொந்தக் கதை. டெக்னிகல் பிடிக்காதவங்க முன்னாடி பாதியைத் தாண்டிப் போயிடலாம். சொந்தக் கதை பிடிக்காதவங்க அதோட நிறுத்திக்கலாம். ரெண்டுமே பிடிக்காதவங்க... வந்ததுக்கு நன்றி, டீ சாப்பிட்டுப் போங்க :-)

மேட்டர் இதுதான். லேப்டாப்புக்கு வைஃபை வருது. அதே மேசையில இருக்கிற கேம் கன்சோலுக்கு வரலை. லேப்டாப்புக்கு வர்ற இணைப்புல கொஞ்சத்தைக் கன்சோலுக்கும் கொடுக்கணும்.

இது இன்னிக்கு நேத்து வந்த பிரச்சினை இல்லை. 2005-ல எக்ஸ்பாக்ஸ் 360 வந்தப்போ அதுக்குள்ள வைஃபையே கிடையாது. வேணும்னா தனியா ஒரு அடாப்டர் வாங்கணும், அமெரிக்காவுல அதுக்கு நூறு டாலர் விலை. 2010-ல வந்த புது மாடல்லதான் வைஃபையை உள்ளேயே வெச்சாங்க. நடுவுல அஞ்சு வருஷம், காசில்லாத காலேஜ் பசங்க எல்லாரும் லேப்டாப்பைப் பக்கத்துல வெச்சு, ஒரு கேபிளைச் சொருகி, லேப்டாப் வழியாத்தான் ஆன்லைன்ல ஆடினாங்க. நிண்டெண்டோகாரங்க இன்னும் ஒரு படி மேல. கையடக்க டிஎஸ் கருவிக்காக 2005-லயே ஒரு யுஎஸ்பி குச்சியை வித்தாங்க. அதைக் கம்ப்யூட்டர்ல சொருகினா, கம்ப்யூட்டரோட இணைப்பை டிஎஸ் எடுத்துக்கும். அந்த டிஎஸ் ஆன்லைன் சேவையை 2014 மே மாசத்தோட மூடிட்டாங்க, அது வேற கதை.

என்கிட்ட இருக்கறது பிஎஸ் 4. அதுக்குள்ள வைஃபை இருக்கு. அப்புறம் என்ன கேடுங்கறீங்களா? ஹாஸ்டல்!

ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஆண்கள் பி.ஜி.ல இருக்கேன். அறுபது பேருக்கு மேல. வைஃபை இலவசம்னு வாசல்ல போர்டு இருக்கும். ஆனா இணைச்சதும் ஒரு பக்கம் திறக்கும், அதுல மொபைல் நம்பர் போடணும், ஓடிபி வரும், அதைப் போடணும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப இதே சடங்கு. அதுவும் ஒரு ஆளுக்கு ஒரே ஒரு லாகின். ரூட்டர் ஒவ்வொரு கருவியையும் அதோட மேக் முகவரியை வெச்சு ஞாபகம் வெச்சுக்கும். லேப்டாப் உள்ளே இருந்தா கன்சோல் வெளியே, கன்சோல் உள்ளே வந்தா லேப்டாப் வெளியே.

வார்டன் அண்ணாச்சிகிட்ட போய்க் கேட்டேன். "ஒரு ஆளுக்கு ஒண்ணுதான் தம்பி கொடுத்திருக்கு. அந்த ஒண்ணுல நீங்க என்ன வேணா பண்ணிக்கோங்க"ன்னார். அவ்வளவு போதும். லேப்டாப்ல ஒரு லாகின், அதுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு கன்சோல். ரூட்டர் கண்ணுக்கு லேப்டாப் மட்டும்தான் தெரியும்.

செய்முறை சுலபம். முதல் விதி, ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீங்க. பெரும்பாலான கம்பெனிகள்ல இந்த வசதியையே பூட்டி வெச்சிருப்பாங்க, பூட்டாட்டியும் அந்த வம்பு நமக்கு வேண்டாம். என்கிட்ட காலேஜ்ல வாங்கின பழைய பொட்டி ஒண்ணு இருக்கு. பேட்டரி செத்துப்போச்சு, சார்ஜரை எடுத்தா மூச்சு நின்னுடும். ஆனா ஈதர்நெட் துளை இருக்கு. இப்போ வர்ற ஒல்லி லேப்டாப்புகள் பலதுல அது இல்லை, யுஎஸ்பி மாத்தி ஒண்ணு வாங்கணும். ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டு மீட்டர் கேபிள் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். பழைய காலத்துல ரெண்டு மெஷினை நேரா இணைக்க கிராஸ் கேபிள்னு தனியா தேடணும். இப்போ இருக்கிற கிகாபிட் துளைகள் தாங்களாவே சரி பண்ணிக்கும், சாதாரண கேபிளே போதும்.

கேபிளை ரெண்டு பக்கமும் சொருகிட்டு, கண்ட்ரோல் பேனல்ல நெட்வொர்க் இணைப்புகள் பகுதிக்குப் போங்க. அதுல வைஃபை படத்து மேல வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங். மத்தவங்க இந்தக் கம்ப்யூட்டர் வழியா இணையத்துக்குப் போகலாம்ங்கற கட்டத்துல ஒரு டிக். யாருக்குன்னு கேட்டா ஈதர்நெட்டைக் காட்டுங்க. முடிஞ்சது. இதுக்குப் பேர் ஐசிஎஸ். 1999-ல விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்புல வந்த சமாச்சாரம், இன்னும் உயிரோட இருக்கு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல லேப்டாப் தனக்கு 192.168.0.1னு முகவரி வெச்சுக்கும். விண்டோஸ் 7 முதல் 192.168.137.1. கன்சோலுக்கு அதே வரிசையில ஒரு முகவரியைத் தானே கொடுத்துடும். பிஎஸ் 4-ல லேன் கேபிள், ஈசி, இந்த ரெண்டையும் தேர்ந்தெடுத்தா வேலை முடிஞ்சது. லேப்டாப்பை அணைச்சுப் போட்டா சில சமயம் பகிர்வு வேலை செய்யாது. அந்த டிக்கை எடுத்துட்டுத் திரும்பப் போட்டா சரியாயிடும்.

"கேபிள் எதுக்கு, விண்டோஸ்லயே மொபைல் ஹாட்ஸ்பாட் இருக்கே?"ன்னு கேட்பீங்க. இருக்கு, 2016-லிருந்து விண்டோஸ் 10-லயே இருக்கு. ஆனா ஒரே வைஃபை சில்லு ரூட்டரோடயும் பேசணும், கன்சோலோடயும் பேசணும். ஒவ்வொரு பாக்கெட்டும் காத்துல ரெண்டு தடவை பறக்கணும். என்னோடது 2013-ல வந்த முதல் மாடல் பிஎஸ் 4, அதுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். அறுபது பேர் இருக்கிற கட்டடத்துல அந்த அலைவரிசை ஞாயித்துக்கிழமை சாயங்கால ரங்கநாதன் தெரு மாதிரி. கேபிள்னா பாதித் தூரமாவது நிம்மதி.

"பிரிட்ஜ் பண்ணலாமே?"ன்னு இன்னும் விவரமானவங்க கேட்பீங்க. வைஃபையில அது பொதுவா நடக்காது. தன்கிட்ட பதிவு பண்ணாத மேக் முகவரியிலிருந்து வர்ற எதையும் ரூட்டர் ஏத்துக்காது. கன்சோலோட முகவரி அப்படியே வெளியே போனா வாசல்லயே மடக்கிடும். ஐசிஎஸ்ல எல்லாமே லேப்டாப் பேர்ல போறதாலதான் தப்பிக்குது.

சரி, எல்லாம் பண்ணியாச்சு. பிஎஸ் 4-ல இணைப்புச் சோதனை ஓட்டினேன். இணையம் வெற்றி, வேகம் பரவாயில்லை, கடைசி வரியில "நேட் டைப் 3". அவ்வ்வ்...

நேட்டுன்னா என்னன்னு எங்க ஹாஸ்டலை வெச்சே சொல்றேன். அறுபது பேருக்கும் வெளியுலகத்துல ஒரே விலாசம். நான் யாருக்காவது கடிதம் போட்டா, வார்டன் ஒரு நோட்டுல 'இந்த ரூம்காரர் இன்னாருக்குப் போட்டார்'னு குறிச்சுக்கறார்னு வெச்சுக்கோங்க. பதில் வந்தா நோட்டைப் பார்த்து என் ரூமுக்கு அனுப்புவார். நோட்டுல இல்லாத ஆள்கிட்டேருந்து கடிதம் வந்தா 'அப்படி யாரும் இங்க இல்லை'ன்னு திருப்பிடுவார். உலகத்துல ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். 2011 பிப்ரவரியிலேயே மையக் கையிருப்பு தீர்ந்துபோச்சு. அதனால எல்லா வீட்டுலயும் ஒரு வார்டன் உட்கார்ந்திருக்கார்.

என் கன்சோலுக்கு வார்டன் ஒருத்தர் இல்லை, மூணு பேர். முதல்ல என் லேப்டாப். அதுக்கு மேல ஹாஸ்டல் ரூட்டர். அதுக்கு மேல, வழித்தடத்தைப் போட்டுப் பார்த்தா, 100.64னு ஆரம்பிக்கிற ஒரு முகவரி. இணைய நிறுவனங்கள் தங்களோட வாடிக்கையாளர்களையே ஒரு விலாசத்துக்குள்ள அடைச்சு வைக்கறதுக்காக 2012-ல ஒதுக்கின வரிசை அது. மூணு நோட்டு, மூணு கையெழுத்து. போதாததுக்குச் சில வார்டன்கள் ரொம்பக் கறார். ஒவ்வொரு ஆளுக்கு அனுப்பும்போதும் அனுப்புநர் கதவு எண்ணை மாத்தி மாத்தி எழுதுவாங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்ச கதவு எண் இன்னொருத்தருக்கு உதவாது.

பிஎஸ் 4 கணக்குல டைப் 1-ன்னா நேரடி இணைப்பு, டைப் 2-ன்னா ரூட்டர் வழியா ஒழுங்கா, டைப் 3-ன்னா மேலே சொன்ன கதி. விளையாட்டு ஓடும், ஏன்னா நாமதான் கம்பெனி சர்வருக்கு முதல்ல கடிதம் போடறோம், அங்கேருந்து பதில் வரும். ஆனா ரெண்டு பேர் நேருக்கு நேர் பேசற வாய்ஸ் சாட்ல கை விரிச்சுடலாம். எனக்கு விரிச்சுது. திரையில அவனோட கார் ஓடுது, மைக் படம் மினுங்குது, காதுல ஒண்ணும் இல்லை.

அவன்னா என் தம்பி. எட்டு வயசு இளையவன். நெல்லையில வீட்டுல இருந்து காலேஜ் போறான், இன்ஜினியரிங். 2015 தீபாவளிக்கு அப்பா சீட்டுப் பணம் எடுத்து எங்களுக்கு ஒரு பிஎஸ் 4 வாங்கிக் கொடுத்தார். வீட்டுல அதுக்கு 'பொம்மைப் பொட்டி'ன்னு பேர். அந்தப் பொட்டி இப்பவும் அங்கதான் இருக்கு, தம்பிகிட்ட. 2023-ல எனக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கிடைச்சப்போ வாங்கினதே அவனோட ஆடத்தான். ராக்கெட் லீக்னு ஒரு ஆட்டம். காரை வெச்சு ஃபுட்பால். 2020-லிருந்து இலவசம், ஆன்லைன்ல ஆடறதுக்கு மாசச் சந்தாவும் வேண்டாம். ஒரு மேட்ச் அஞ்சு நிமிஷம். நாங்க ரெண்டு பேரும் ஒரே டீம்.

ரூம் மேட் ஒரு தஞ்சாவூர்க்காரர். நான் கேபிளும் கையுமா மல்லாடறதைப் பார்த்துட்டு, "உங்க தம்பிதானே, ஒரு போன் பண்ணினா போதாதா?"ன்னு கேட்டார்.

நியாயமான கேள்வி. போன் பண்ணுவேன், வாரத்துல நாலு நாள். முதல்ல அம்மா எடுப்பாங்க. சாப்பிட்டியா, மழையா, வெயிலா. அப்புறம் அப்பா, இருபது செகண்ட். அப்புறம் "இந்தா, தம்பிகிட்ட பேசு".

"என்னலே, எப்படி இருக்க?"

"நல்லா இருக்கேண்ணே."

"காலேஜ் எப்படிப் போகுது?"

"போகுதுண்ணே."

"சரி, வை."

அம்மா பக்கத்துலயே நிப்பாங்க. அவன் வேற என்ன சொல்லுவான்?

யோசிச்சுப் பார்த்தா எங்க ஊர்ல ஆம்பளைங்க எதிரும் புதிருமா உட்கார்ந்து மனசு விட்டுப் பேசி நான் பார்த்ததே இல்லை. ஆத்துல இடுப்பளவு தண்ணியில நின்னு துணிக்குச் சோப்பு போட்டுக்கிட்டே பேசுவாங்க. டீக்கடை பெஞ்சுல ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கிட்டுப் பேசுவாங்க. எங்க அப்பா என்கிட்ட அவரோட கடனைப் பத்திச் சொன்னது டிவிஎஸ் 50-க்குப் பின்னாடி நான் உட்கார்ந்திருந்தப்போ. முகத்தைப் பார்க்க வேண்டாம், கைக்கு ஒரு வேலை இருக்கணும். எனக்கும் தம்பிக்கும் அந்த வேலை இந்தக் கார் ஃபுட்பால்.

வாய்ஸ் சாட் வராதுன்னு ஆனதும் தம்பிதான் வாட்ஸ்அப்ல கூப்பிட்டான். "அண்ணே, ஆட்டம் அதுல ஓடட்டும், பேச்சு இதுல ஓடட்டும்." அவ்வளவுதான். ஆட்டம் லேப்டாப் வழியா மூணு வார்டனையும் தாண்டிப் போகும். குரல் என்னோட மொபைல் டேட்டா வழியா. நேராப் போக முடியாத இடத்துல வாட்ஸ்அப் தன்னோட சர்வர் வழியாக் குரலைக் கொண்டு சேர்த்துடும். ஒரு காதுல இயர்போன், இன்னொரு காது தஞ்சாவூர்க்காரரோட குறட்டைக்கு. ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிப்போம், வீட்டுல அம்மா அப்பா தூங்கினதுக்கு அப்புறம்.

முதல் ரெண்டு மாசம் "பாஸ் பண்ணுண்ணே", "கோல் கீப்பிங் பாருலே", இவ்வளவுதான் பேச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மத்ததும் வர ஆரம்பிச்சுது. ஒரு பொண்ணு பேசலைன்னான். அப்பாவுக்கு முட்டி வலி, யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்குறார்னான். இதெல்லாம் போன்ல வந்ததே இல்லை.

2024 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி. மேட்ச் ரெண்டுக்கு ரெண்டு, ஓவர்டைம். அதுல அடுத்த கோல் யார் போடறாங்களோ அவங்களுக்கு வெற்றி. பந்து மேலேயும் கீழேயும் போய்க்கிட்டிருக்கு. திடீர்னு, "அண்ணே, நான் மூணு வாரமா காலேஜ் போகலை"ன்னான்.

ஆன்லைன் மேட்சை நிறுத்தி வைக்க முடியாது. பாஸ் பட்டனே கிடையாது. அது எவ்வளவு நல்லதுன்னு எனக்கு அப்புறம்தான் தோணிச்சு. நிறுத்தி வைக்க முடிஞ்சிருந்தா நான் நிறுத்தியிருப்பேன். "என்னலே சொல்ற?"ன்னு குரல் மாறியிருக்கும். அவன் "ஒண்ணும் இல்லை, சும்மா"ன்னு மூடியிருப்பான். இப்போ பந்து எங்க கோலை நோக்கி வருது. கையை எடுக்க முடியாது.

"சரி. எங்க போற அப்போ?"ன்னேன், காரைத் திருப்பிக்கிட்டே.

"காலையில டிபன் பாக்ஸோட கிளம்பிருவேன். ஜங்ஷன்ல இறங்கி ஸ்டேஷன்ல உட்காருவேன். பிளாட்பார டிக்கெட் எடுத்துருவேன். ரெண்டு மணி நேரம்தான் செல்லும். அப்புறம் ஆத்தங்கரை."

"சாப்பாடு?"

"அங்கதான் சாப்பிடுவேன்."

டிக்கெட் எடுத்துட்டு உட்கார்ந்திருக்கான் பாருங்க. அதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைச்சுது. ஓவர்டைம் நாலு நிமிஷம் ஓடிச்சு. அந்த நாலு நிமிஷத்துல எல்லாம் சொன்னான். ஏழு பாடம் அரியர். கிளாஸ்ல ஒரு வாத்தியார் எழுப்பி நிக்க வெச்சு, "உங்க அண்ணன் பேரைக் கெடுக்க வந்தியா?"ன்னு கேட்டிருக்கார். நானும் அதே காலேஜ்ல படிச்சவன். அன்னிக்கு வெளியே வந்தவன், மறுநாள் கால் உள்ளே போகலை. ஒரு நாள் போகலை, ரெண்டாவது நாள் போறது இன்னும் கஷ்டம், மூணாவது நாள் அதைவிட.

எதிர் டீம் கோல் போட்டுடுச்சு. "இன்னொரு மேட்ச் போடுலே"ன்னேன். அன்னிக்கு ராத்திரி ஒண்ணே முக்கால் வரைக்கும் ஆடினோம். ஒண்ணு கூட ஜெயிக்கலை.

வெள்ளிக்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ் பிடிச்சு ஊருக்குப் போனேன். அப்பாகிட்ட அவன்தான் சொல்லணும்னு முடிவு. நான் பக்கத்துல இருந்தேன், அவ்வளவுதான். அப்பா டிவிஎஸ் 50-ஐத் துடைச்சுக்கிட்டிருந்தார். எல்லாத்தையும் கேட்டார். துடைக்கிறதை நிறுத்தலை. "நாளைக்கு நானும் வரேன், பிரின்சிபாலைப் பார்ப்போம்"னு மட்டும் சொன்னார். அம்மாதான் அழுதாங்க, மூணு வாரமா ஸ்டேஷன்ல உட்கார்ந்து பிள்ளை ஆறின சோறு தின்னிருக்கானேன்னு.

அதுக்கப்புறம் எல்லாம் சுபம்னு சொல்ல ஆசைதான். அட்டெண்டன்ஸ் பத்தலை, அந்த செமஸ்டர் போச்சு. 2025-ல ஜூனியர் பசங்களோட உட்கார்ந்து அதைத் திரும்பப் படிச்சான். ஏழு அரியர்ல அஞ்சை முடிச்சுட்டான், ரெண்டு பாக்கி. அந்த வாத்தியார் இன்னும் அங்கேயேதான் இருக்கார். தம்பி அவரோட கிளாஸ்ல கடைசி பெஞ்ச்னு சொல்றான். போறான், அது போதும்.

தஞ்சாவூர்க்காரருக்கு இந்தக் கதையை நான் சொல்லலை. ஆனா ஒரு நாள் அவரே, "அந்த கேபிள் எங்க பாஸ் வாங்கினீங்க?"ன்னு கேட்டார். அவருக்கு ஒரு அண்ணன் கத்தார்ல இருக்காராம். பொட்டி இன்னும் வாங்கலை, விலை பார்த்துக்கிட்டிருக்கார்.

ஹாஸ்டல்ல இருந்துக்கிட்டு இதே மாதிரி மல்லாடற மக்களுக்கு, சுருக்கமா:

1. கேபிள் வழியாப் பகிருங்க, வைஃபை வழியா வேண்டாம். லேப்டாப்பை ரூட்டர் பக்கம் நகர்த்தி வைங்க.

2. லேப்டாப் தூங்கிடாம பவர் அமைப்புல மாத்தி வைங்க. அது தூங்கினா கன்சோலும் கட்.

3. லாகின் பக்கத்தை ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி புதுப்பிச்சுடுங்க. நடு ஆட்டத்துல ஓடிபி கேட்டா கண்ணீர்தான்.

4. நேட் டைப் 3 வந்தா சர்வர் வழியா ஓடற ஆட்டமாப் பார்த்து ஆடுங்க. மூணு வார்டன் இருக்கிற இடத்துல நம்ம லேப்டாப்ல மட்டும் போர்ட் திறந்து பிரயோஜனம் இல்லை, மத்த ரெண்டு நோட்டும் நம்ம கையில இல்லை.

5. பேச்சுக்குத் தனி வழி வெச்சுக்கோங்க. மொபைல் டேட்டா போதும்.

லினக்ஸ்ல இதையே பண்றது எப்படின்னு யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, தனியா எழுதறேன். மேக் வெச்சிருக்கிற பணக்காரங்க உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல போடுங்க. ஞாயித்துக்கிழமை பத்தரைக்கு மேல மட்டும் பதில் எதிர்பார்க்காதீங்க. அப்போ நான் கோல் கீப்பர்.